நான் ஏன் குளிசை குடிக்க வேணும்?

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள சுபா,

இங்கு பிள்ளையும் மாமியும் சுகம். கச்சான் காற்றும் வெக்கையும் வழமைபோல. இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு. உன் மனுசனுக்கும் காட்டாதே.

இவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம். கட்டாரில் இருந்து வந்த பிறகு காய்ச்சல் விடவில்லை என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனார், இரத்தம் சோதித்த இடத்தில் தெரிந்தது. எப்படி வந்தது என்றுதானே கேட்கப் போகிறாய்? அந்தக் கதையை நேரில் சொல்கிறேன், கையில் விளக்குமாறு இருக்கும்போது. எனக்குத் தொற்றவில்லை. திரும்பவும் சோதித்துப் பார்த்தாயிற்று.

அவர் மருந்து தொடங்கிவிட்டார். ஒழுங்காகக் குடித்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படியே வைத்திருந்தால் உறவின் மூலம் எனக்குத் தொற்றாது. அதுவரைக்கும் எனக்கும் ஒரு குளிசை என்கிறார் கிளினிக் டொக்டர். பிரெப் என்று பெயர். டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் இரண்டும் ஒரே குளிசைக்குள். அமெரிக்காவில் 2012 இலேயே அனுமதித்தது. நாள் தவறாமல் குடித்தால் உறவில் தொற்றும் ஆபத்து 99 வீதமளவு குறையுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! ஊர் சுற்றியது அவர், குளிசை குடிப்பது நானா? அதையே டொக்டரிடமும் கேட்டுவிட்டேன். அந்த மனுசி சிரிக்கவில்லை. "சேர்ந்து இருக்கப் போறீங்களா இல்லையா, அதை முதல் யோசியுங்கோ. தள்ளிப் படுக்கிறதென்றால் இது தேவையில்லை" என்றார்.

அந்தக் கேள்விதான், சுபா, என்னை உறங்க விடவில்லை. பிரிந்து போகும் எண்ணம் எனக்கு இல்லை. இன்னொரு பிள்ளையும் வேணும், உனக்குத் தெரியும். ஆணுறையோடு ஆறு மாதம் பொறுத்திருக்கலாம், அதுவும் ஒரு வழிதான். ஆனால் அவர் கூட்டாளிமாரோடு இருந்துவிட்டு வரும் இரவுகளில் தன் குளிசையை நினைப்பாரா? அவருடைய ஞாபகசக்தியை நம்பி என் உடம்பை விடுவதா? என் குளிசை என்றால் என் கையில் இருக்கும். குடித்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

அதனால் தொடங்கப் போகிறேன். அவருடைய சோதனை முடிவு நன்றாக வந்து அப்படியே நிலைத்தால், டொக்டரைக் கேட்டு நிறுத்துவேன். நானாக நிறுத்தக் கூடாதாம். முதலில் சிறுநீரகத்தையும், ஈரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) இருக்கிறதா என்றும் பார்க்க வேணும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. சோதனை. தொடக்கத்தில் குமட்டல், தலையிடி வரலாம். கர்ப்பம் தங்கினாலும் குடிக்கலாமாம், அதைக் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது. மேகநோய் போன்ற மற்றதுகளை இது தடுக்காது, அதற்கு ஆணுறைதான். இந்தக் குளிசைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையும் 2025 இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். அது என்னிடம் வந்து சேர எனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

இனி மாமி. என் அலுமாரியை என்னைவிட அவவுக்குத்தான் நன்றாகத் தெரியும். போத்தலைக் கண்டால் என்ன சொல்வது? இரும்புச்சத்துக் குளிசை என்றால் தானும் ஒன்று கேட்பா. பொய்யில் நீதானடி கெட்டிக்காரி, நல்லதாக ஒன்று யோசித்து உடனே எழுது.

அன்புடன்,
வசந்தி