கார் பழுது: கை வைக்கும் இடமும் கை வைக்கக் கூடாத இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைப் பழுதுபார்ப்பது குறித்த பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு தரப்புகள் உருவாகிவிடுகின்றன. மெக்கானிக்குகள் தேவையற்ற வேலைகளைச் சேர்த்துப் பணம் பறிக்கிறார்கள், ஆகவே எல்லாவற்றையும் நாமே கற்றுக்கொண்டு செய்துவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. இன்றைய கார்கள் முழுக்கக் கணினிமயமாகிவிட்டன, பானெட்டைத் திறப்பதுகூட நம் வேலை அல்ல என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாக என் காரின் சிறு வேலைகளை நானே செய்து, பெரிய வேலைகளை வல்லுநர்களிடம் ஒப்படைத்துவரும் எனக்கு இவ்விரண்டும் ஏற்புடையவையாக இல்லை. வேலை எளிதா கடினமா, செலவு கூடுமா குறையுமா என்று கேட்பதற்கு முன்பு, அந்த வேலையை நாம் தவறாகச் செய்துவிட்டால் அந்தத் தவறு எப்போது, எங்கே வெளிப்படும் என்று கேட்டுக்கொள்வதே முறை என்று கருதுகிறேன்.

ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், விளக்கு பல்பு ஆகியவற்றை மாற்றும்போது தவறு நேர்ந்தால், பெரும்பாலும் வண்டி நிற்கும்போதே அது தெரிந்துவிடும். யாருக்கும் காயம் ஏற்படாது. பேட்டரி மாற்றுவதும் ஏறக்குறைய இதே வகைதான் என்றாலும், கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும் மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். நெகட்டிவ் இணைப்பில் இருக்கும்போது பாசிட்டிவ் முனையைக் கழற்றும் ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் அங்கேயே ஷார்ட் சர்க்கியூட் ஆகிவிடும். சிக்னலில் நின்றவுடன் எஞ்சின் தானாக அணையும் வசதியுள்ள பல கார்களில், புதிய பேட்டரியைப் பற்றி ஸ்கேனர் மூலம் காரின் கணினிக்குத் தெரிவிக்க வேண்டியும் இருக்கிறது. எனவே சிறு வேலை என்றாலும், காருடன் தரப்பட்ட கையேட்டைப் படித்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

பிரேக் விஷயம் முற்றிலும் வேறு. காணொளிகளில் பிரேக் பேட் மாற்றுவதைப் பார்ப்பவர்களுக்கு, இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி மாட்டும் வேலையாகவே அது தோன்றும். கழற்றி மாட்டுவது உண்மையில் கடினமும் அல்ல. ஆனால் அதில் நேரும் தவறு வீட்டு வாசலில் தெரியாது. வேகமாகச் செல்லும்போதோ நீண்ட இறக்கத்திலோதான் தெரியும். பிரேக் ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளைக்கால் வகையைச் சேர்ந்த இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தரத்தில் உள்ள புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்ட நிலையில் தரவிதி எதிர்பார்ப்பது 155 டிகிரி மட்டுமே. நெடுநேரம் திறந்திருந்த புட்டியிலிருந்து ஊற்றிய திரவமும், காற்றை முழுமையாக வெளியேற்றாத குழாய்களும் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கும்போது எந்தக் குறையையும் காட்டாமல் போகலாம். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும்போது, கால் கொடுக்கும் அழுத்தம் அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே வீணாகி, பெடல் அடிவரை இறங்கிவிடும். தவறு செய்தவருடன் அதற்குத் தொடர்பே இல்லாத பாதசாரியும் அப்போது ஆபத்தில் சிக்குகிறார். எனவே, என் காரை நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்வேன் என்ற வாதம் பிரேக்குக்குப் பொருந்தாது. பொத்தானை அழுத்தினால் இயங்கும் கைபிரேக் உள்ள கார்களிலோ, பிரேக் பேடை அழுத்தும் பின்சக்கரக் காலிப்பரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைப் பலவந்தமாக உள்ளே தள்ளினால் அதை இயக்கும் மோட்டாரின் அமைப்பே சேதமடையும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பவர்களை இன்றும் காண முடிகிறது. ஜாக்கி காரைத் தூக்குவதற்கான கருவி. தூக்கிய காரைத் தாங்கி நிறுத்த தனியே தாங்கிகள் வேண்டும், அவையும் சமதளமான, உறுதியான தரையில் இருக்க வேண்டும். அவை இல்லாதவர் அடியில் செல்லவே கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அழுத்தத்தில் இருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏர்பேக், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையுடன் செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆகியவற்றையும் உரிய பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது.

பழுதைக் கண்டறியும் இடத்தில்தான் இரு தரப்பினரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட, காரின் கணினியே பழுதைக் கண்டறிந்து பதிவுசெய்யும் ஓபிடி அமைப்பு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. டாஷ்போர்டின் கீழே உள்ள 16 முனைச் செருகியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினால் பழுதுக் குறியீட்டை யாரும் படித்துவிடலாம். ஆனால் அந்தக் குறியீடு காய்ச்சல்மானி காட்டும் எண்ணைப் போன்றது. நோயின் பெயர் அதில் இல்லை. எடுத்துக்காட்டாக, பி0171 என்ற குறியீடு எரிபொருளுக்குத் தேவையான அளவைவிடக் காற்று மிகுந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. காரணம் விரிசல் கண்ட ரப்பர் குழாயாக இருக்கலாம், அழுக்கடைந்த காற்றளவு சென்சாராக இருக்கலாம், வலுவிழந்த எரிபொருள் பம்பாகவும் இருக்கலாம். உரிமையாளர் பலர் இந்தக் குறியீட்டைப் பார்த்தவுடன், செய்தியைக் கொண்டுவந்த ஆக்சிஜன் சென்சாரையே குற்றவாளியாக்கி அதை மாற்றுகிறார்கள். டாஷ்போர்டில் எஞ்சின் பழுதை எச்சரிக்கும் விளக்கு மீண்டும் எரிகிறது. ஊகத்தின் பேரில் ஒன்றன்பின் ஒன்றாக உதிரிபாகங்களை மாற்றிச் செலவழிப்பதைவிட, முறையாகச் சோதிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சோதனைக்கான கூலியைக் கொடுப்பது பெரும்பாலும் மலிவானது.

அதே அளவுகோல் பட்டறைகளுக்கும் உரியது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குறியீட்டைப் படித்துவிட்டு, சோதிக்காமலே பாகத்தை மாற்றும் பட்டறை எவ்வளவு பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்தாலும் அங்கே நாம் வல்லுநரைப் பெறவில்லை. எந்தச் சோதனையின் முடிவில் இந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்பதும், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதும், கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே எழுத்துமூலம் ஒப்புதல் பெறச் சொல்வதும் அவமதிப்பு ஆகாது. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளை வரவேற்பார். சிறு வேலைகளைத் தானே செய்து பழகிய உரிமையாளருக்கு இவற்றைக் கேட்கும் துணிவும், பதிலைப் புரிந்துகொள்ளும் அறிவும் இயல்பாகவே வந்துவிடுகின்றன. கூலியில் மிச்சமாகும் பணத்தைவிட இதையே நான் பெரிய பயனாக மதிக்கிறேன்.

நாமே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது நாட்டுக்கு நாடு சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டம், தன் பெயர் கொண்ட பாகத்தையும் சேவையையும் பயன்படுத்தினால்தான் வாரண்டி செல்லும் என்று உற்பத்தியாளர் பொதுவாக நிபந்தனை விதிப்பதைத் தடை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 ஆம் ஆண்டு விதிமுறை, பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012 இல் வாகனப் பழுதுபார்ப்பு உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தனர். எந்த நாட்டவராயினும் தம் வாரண்டி ஏட்டைப் படிப்பதும், பயன்படுத்திய எண்ணெயின் தரம், தேதி, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை ரசீதுடன் பதிந்து வைப்பதும் பின்னர் எழும் வழக்குகளில் கைகொடுக்கும்.

உற்பத்தியாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சக்கர நட்டை எந்த அளவு முறுக்க வேண்டும், எந்தத் திரவம் எந்தத் தரத்தில் வேண்டும், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பவற்றை உரிமையாளர் கையேட்டில் தெளிவாக அச்சிட வேண்டும். பட்டறையை அணுகவும் என்ற ஒற்றை வரி அவற்றுக்கு ஈடாகாது. தங்கள் நாளிதழும், அனுபவமிக்க மெக்கானிக்குகளைக் கொண்டு வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளிக்கும் பகுதி ஒன்றை வாரந்தோறும் வெளியிட்டு, ஒவ்வொரு பழுதையும் உரிமையாளர் எதுவரை தாமே பார்க்கலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வல்லுநரை அழைக்க வேண்டும் என்பதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்