அரிசி விலையும் மானியப் பேச்சும்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அக்கா, அண்ணா, தம்பி, தங்கைமார் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துத் தலைநகரான இந்த யெல்லோநைஃபில், நம் கடையில் இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து அரிசி, மா, பருப்பு, தேங்காய்ப்பால் விலை கூடியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இருபது இறாத்தல் சம்பா மூட்டைக்கு 4 டொலர் கூடியிருக்கிறது. கடைக்கு வந்து கேட்டவர்களுக்கு நேரில் காரணம் சொன்னேன். வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களுக்கும், அதை வாசித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் வழமைபோல் சாமான் வாங்கிப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் அந்த மானியக் கதை. "வடக்கில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு மத்திய அரசு காசு கொடுக்கிறது, இவர்கள் அதையும் வாங்கிக்கொண்டு, காலநிலை என்று சாக்குச் சொல்லி விலையையும் ஏற்றுகிறார்கள்" என்று குழுவில் எழுதியிருந்தார்கள். விலை அதிகம் என்று சொன்னால் தாங்கிக்கொள்வேன். இது என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மை. நியூட்ரிஷன் நோர்த் கனடா என்று பெயர், 2011 இல் தொடங்கினார்கள். ஆனால் அது வருடம் முழுக்க ரோட்டுப் போக்குவரத்து இல்லாத, விமானத்தை நம்பியிருக்கிற தூர ஊர்களுக்கானது. யெல்லோநைஃபுக்கு ரோட்டு இருக்கிறது. ஆகவே இந்த ஊரில் விற்கிற சாமானுக்கு அந்தத் திட்டத்தில் ஒரு சதமும் கிடையாது. எங்களுக்கு மட்டும் இல்லை, ஊரிலுள்ள பெரிய கடைகளுக்கும் கிடையாது. எங்கள் லொறிக் கூலிச் சீட்டு, மின்சார பில், காப்புறுதிக் கடிதம் எல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் காசு மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாரும் எடுத்துப் பார்க்கலாம். எழுதினவர் யார் என்று நான் தேடவில்லை, அவரும் வந்து பார்க்கலாம்.

அப்படியென்றால் ஏன் ஏறியது? எங்கள் செலவில் மிகப் பெரியது இப்போது லொறி இல்லை, சாமானை முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைக்கிற இருப்பு. அதை விளங்கப்படுத்த, மக்கென்சி ஆற்றுக்குப் பாலம் வருவதற்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டும்.

நாங்கள் கடை திறந்தது 2009 இல். அப்போது தெற்கிலிருந்து லொறி வருகிற வழியிலுள்ள ஃபோர்ட் ப்ராவிடன்ஸில் மக்கென்சி ஆற்றைக் கடக்கக் கோடையில் பாதைப் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் போட்ட பனிப் பாதை. பனி உடைகிற காலத்திலும் உறையத் தொடங்குகிற காலத்திலும் இரண்டும் இல்லை. லொறி அக்கரையில் நிற்கும், முட்டையும் பாலும் விமானத்தில் வரும். அதனால் ஒவ்வொரு முறையும் ஆறு வாரச் சாமானை முன்கூட்டியே அடுக்கிவைப்போம். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுதான் பில் போட்டேன். 2012 நவம்பரில் அந்த இடத்தில் டே சோ பாலம் திறந்தார்கள். சுமை லொறிக்குப் பாலத்தில் சுங்கம் இருந்தாலும் அது எங்களுக்குப் பெரிய விடுதலை. களஞ்சிய அறையைத் திருப்பிக் கொடுத்தோம். பத்து நாள் இருப்பு போதும் என்றாகிவிட்டது, விலையும் கொஞ்சம் குறைத்தோம். (குறைத்ததை ஒருவரும் குழுவில் எழுதவில்லை. சரி, அது போகட்டும்.)

அப்புறம் 2014 கோடையில் காடு எரிந்தது. புகையாலும் தீயாலும், நம் ஊருக்கு வருகிற 3 ஆம் நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்ப மூடினார்கள். ஒரு வருடத்துக் கஷ்டம் என்று நினைத்தோம். 2022 மே மாதம் தெற்கே உள்ள ஹே ரிவர் ஊரில் வெள்ளம் வந்து ஊரையே வெளியேற்றினார்கள். 2023 இல் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டுத்தீ ஊரை நெருங்கியது, ஓகஸ்ட் 16 இரவு வெளியேறச் சொல்லி அறிவிப்பு, 18 ஆம் திகதி மதியத்துக்குள் ஏறக்குறைய 20,000 பேர் ஊரைவிட்டுப் போக வேண்டும், போவதற்கு ஒரே ஒரு ரோட்டு. அன்றிரவு கடையைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று சிலருக்கு இன்னும் மனக்குறை இருக்கிறது. மனைவிக்கு ஆஸ்துமா, அந்தப் புகையில் அவரை வைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. தண்ணீரும் பிஸ்கட்டும் தேடி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

செப்டம்பர் 6 இல்தான் திரும்பவிட்டார்கள். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு ஆறு ரோட்டை மறித்தது, இப்போது தீ மறிக்கிறது. ஆறு எப்போது உடையும், எப்போது உறையும் என்று ஓரளவு தெரியும். தீ எப்போது வரும் என்று தெரியாது, மே முதல் செப்டம்பர் வரை எந்தக் கிழமையும் வரலாம். அதனால் பழையபடி ஆறு வார இருப்புக்குத் திரும்பியிருக்கிறோம், அதற்குக் களஞ்சியம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கோடையில் இரவிலும் இருட்டாத நாட்களில் மாவில் வண்டு வராமல் பார்க்க வேண்டும். மைனஸ் 40 இல் தேங்காய்ப்பால் டின் உறைந்து வெடிக்கும், ஆகவே குளிர்காலம் முழுக்கச் சூடேற்ற வேண்டும். 2023க்குப் பிறகு காப்புறுதி இரண்டு முறை கூடியது. அந்த 4 டொலர் இதற்குள்தான் போகிறது. எரிபொருளின் மேலிருந்த கார்பன் வரி 2025 ஏப்ரலில் நீங்கியபோது லொறிக் கூலி கொஞ்சம் குறைந்தது, அதையும் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் இந்த விலை போட்டேன்.

வைரச் சுரங்கங்களில் வேலை செய்கிற தம்பிமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஏரிகளின் மேல் போடும் பனிப் பாதையில் இரண்டு மாதத்துக்குள் ஒரு வருடத்துக்கான டீசலும் சாமானும் போக வேண்டும். 2006 இல் குளிர் போதாமல் பாதையை நேரத்தோடு மூடியபோது மிச்சத்தை விமானத்தில் ஏற்றினார்கள். சுரங்கக் கம்பனியால் அதைத் தாங்க முடியும்.

"காலநிலை மாற்றத்துக்கு அரசாங்கம் திட்டம் போட்டிருக்கிறதே, பிறகேன் நீங்கள் பயப்படுகிறீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 2017 இல் கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம், நமது பிரதேசத்தில் காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முழுப் பிரதேசத்துக்குமான ஒரு திட்டம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடமே பிரதேச அரசு 2030 வரைக்குமான காலநிலைச் சட்டகத்தை வெளியிட்டது, 2019 இலிருந்து செயற்திட்டமும் வந்தது. மகளை வைத்துக்கொண்டு சமையல் மேசையில் இருந்து வாசித்தேன். கார்பன் குறைப்பது, அறிவைச் சேர்ப்பது, வருவதைத் தாங்கத் தயாராவது என்று மூன்று நோக்கம். எழுதினவர்கள் இந்த நிலத்தை அறிந்தவர்கள் என்று வாசிக்கும்போதே தெரிகிறது.

ஆனால் என்னுடைய கேள்வி சின்னது. இருக்கிற ரோட்டு மூன்று வாரம் மூடினால் ஊருக்குள் எத்தனை நாள் சாப்பாடு இருக்க வேண்டும்? அதை யார், எங்கே வைத்திருப்பது? அந்தச் செலவு யாருடையது? எனக்கு விளங்குகிற மாதிரி ஒரு பதில் இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை அந்தச் செலவு எங்கள் களஞ்சியத்திலும் உங்கள் அரிசி மூட்டையிலும்தான் விழுகிறது. கருத்துக் கேட்கிற கூட்டங்களுக்கு நான் போகிறேன், எழுந்து இதையே கேட்கிறேன். நம் ஆட்கள் இன்னும் நாலு பேர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ரோட்டையும் பாருங்கள். பெச்சோகோ ஊரிலிருந்து இங்கே வரும் துண்டில் கார் படகு போல ஆடுவது ஏன்? கீழே நிலம் பனிக்கட்டியோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறது. கறுப்புத் தார் வெயிலை உறிஞ்சுகிறது, ஓரத்தில் ஒதுக்கிய பனி ஒரு போர்வை மாதிரிக் குளிரை உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. உள்ளே பனிக்கட்டி உருகினால் ரோட்டு இறங்கும். செப்பனிடுவார்கள், திரும்ப இறங்கும். மின்சாரமும் அப்படித்தான். நமக்கு மின்சாரம் தருகிற ஸ்னேர் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் டீசல் எரிக்க வேண்டும், வெளியிலிருந்து வாங்கக் கம்பித் தொடர்பு இல்லை. 2014 வறட்சியில் பில் ஏறாமல் இருக்கப் பிரதேச அரசு 2 கோடி டொலர் போட்டது. எங்கள் மூன்று பிரீசரும் இருபத்திநாலு மணி நேரமும் ஓடுகின்றன. 2024 இல் மக்கென்சி ஆற்றில் தண்ணீர் வற்றி, அதன் கரையிலுள்ள நோர்மன் வெல்ஸ் ஊருக்குச் சாமான் ஏற்றுகிற பார்ஜ் போகவில்லை. அங்கே வேலை செய்கிற நம் பிள்ளைகள் இருவருக்கு மிளகாய்த்தூளும் மாசியும் விமானத்தில் அனுப்பினோம், கூலி சாமானைவிடக் கூட வந்தது.

இனி நன்றி. 2023 செப்டம்பரில் நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மரக்கறியெல்லாம் அழுகி நாறிக் கிடந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. ஐந்து பேர் கையுறையோடு வந்து நின்றார்கள், அவர்களில் இருவர் அதுவரை கடைக்கே வராதவர்கள். ஒரு அக்கா தன் வீடு கழுவுவதை விட்டுவிட்டு எங்கள் தட்டுகளைக் கழுவினார். கொப்பியில் கடன் இருந்தவர்கள் பலர் அந்த வாரமே கேட்காமல் கொண்டுவந்து கட்டினார்கள். அந்தக் காசில்தான் முதல் லொறிக்குப் பணம் கொடுத்தோம். இதை நானும் மனைவியும் மறக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் இந்தக் குளிரில் கடை நடக்கிறது என்றால் உங்களால்தான்.

எங்களோடு கடையில் வேலை செய்த தம்பி எட்மன்டனுக்குப் போய்விட்டதால் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது நின்றிருக்கிறது, கடன் கொப்பியும் இந்த மாதத்தோடு முடிகிறது.

இடியப்ப மா, செத்தல் மிளகாய், நெத்தலி, பனங்கட்டி நேற்று இறங்கியிருக்கின்றன. முருங்கைக்காய் வியாழன் லொறியில் வருகிறது, வேண்டியவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் எடுத்து வைப்பேன். கடை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கடைக்கார அண்ணனும் குடும்பமும்