ஆண்டறிக்கை: ஹெர்ப் ப்ரூக்ஸ் வளர்ந்த பகுதியிலிருந்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயிண்ட் பால் நகரின் கிழக்குப் பகுதியில் இயங்கும் நமது ஐஸ் ஹாக்கி சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பூங்காவின் பனித்தளம் இம்முறை நம்மைப் பாடாய்ப் படுத்திவிட்டது. குளிர் தாமதமானதால் முதலில் விட்ட தண்ணீர் உறையாமல் மண்ணில் இறங்கிவிட்டது. பிறகு பல இரவுகள் விழித்திருந்து, பூச்சுமேல் பூச்சாகத் தண்ணீர் விட்டுத் தளத்தை எழுப்பினோம். கையுறை விறைத்துப் போன பிறகும் யாரும் குழாயைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் குழாயே உறைந்திருக்கும். அந்தப் பெற்றோர்களுக்கு என் முதல் நன்றி.

பிப்ரவரி 22 மாலை பயிற்சியாளர் ஹெர்ப் ப்ரூக்ஸ் நினைவாகக் கூடினோம். 1980இல் அதே நாளில்தான் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அவருடைய இளம் அமெரிக்க அணி, உலகின் வலிமையான அணியாக இருந்த சோவியத் அணியை 4-3 என வென்றது. அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றிப் பேசியே பழகிவிட்டோம். நானோ அதற்கு முன் அவர் கல்லூரி அணிக்குப் பயிற்சி அளித்த ஏழு பருவங்களைப் பற்றிப் பேசினேன். அவற்றின் சாரம் இந்த அறிக்கையிலும் பதிவாக வேண்டும்.

1937இல் பிறந்த ப்ரூக்ஸ் நம் பகுதிப் பிள்ளை. 1955இல் மாநிலப் பட்டம் வென்ற ஜான்சன் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடியவர். பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜான் மாரியூச்சியிடம் பயின்றார். 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து அவரைக் கடைசி நேரத்தில் நீக்கினார்கள். அந்த அணி தங்கம் வென்றதை வீட்டில் தந்தையோடு தொலைக்காட்சியில் பார்த்தார். சரியான ஆளைத்தான் நீக்கியிருக்கிறார்கள் என்று தந்தை சொன்னாராம். அந்தச் சொல்லை அவர் மறக்கவே இல்லை. 1964, 1968 ஒலிம்பிக் இரண்டிலும் ஆடிக் காட்டினார்.

1972இல் அதே பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அது லீக் பட்டியலின் அடியில் கிடந்தது. எதிரணிகள் பல கனடா வீரர்களை நம்பியிருந்த காலம் அது. ப்ரூக்ஸ் மினசோட்டா பையன்களைத் தேடிப் பிடித்தார். இரண்டே ஆண்டில், 1974இல், பல்கலைக்கழகத்தின் முதல் தேசியக் கல்லூரிப் பட்டம் (NCAA) வந்தது. 1976, 1979இல் மேலும் இரண்டு. 1979 இறுதியாட்டத்தில் வடக்கு டகோட்டாவை 4-3 என வீழ்த்திய கோலை, தடுமாறி விழுந்துகொண்டே அடித்தவர் நீல் ப்ராட்டன். கனடா எல்லையோரச் சிற்றூரான ரோசோவைச் சேர்ந்தவர். மறு ஆண்டு ஒலிம்பிக் அணியின் 20 பேரில் 12 பேர் மினசோட்டாக்காரர்கள், ப்ராட்டன் உட்பட. லேக் பிளாசிட் வெற்றியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் கண்டிப்பானவர். ஒலிம்பிக்குக்குத் தயாரான அணி 1979இல் நார்வேயுடன் 3-3 எனச் சமன் செய்ததும், ஆட்டம் முடிந்த களத்திலேயே, விளக்குகள் அணைந்த பிறகும் வீரர்களை முன்னும் பின்னும் ஓடவைத்தார். நம் சிறுவர்களுக்கு அந்த முறை வேண்டாம் என்று பயிற்சியாளர்களோடு பேசி முடிவெடுத்திருக்கிறோம்.

நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சி அளித்து முடித்தவர், மாரியூச்சி கேட்டுக்கொண்டதற்காக 1986இல் செயிண்ட் க்ளவுட் மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு வந்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு பருவம். அந்த அணி கல்லூரி ஹாக்கியின் முதல் பிரிவுக்கு உயர வழி செய்துவிட்டுத்தான் போனார். என் மனத்துக்கு மிக நெருக்கமானது இந்த ஓராண்டுதான். 2003 ஆகஸ்ட் 11 அன்று கார் விபத்தில் காலமானார்.

அடுத்த பருவத்துக்கு இரண்டு கோல் வலைகள் தேவைப்படுகின்றன. தண்ணீர் விடும் முறைப்பட்டியலில் வெள்ளி இரவுகள் இன்னும் காலியாக இருக்கின்றன. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

இவண்,
செயலாளர்