பெயின்ட் டப்பாவைக் கீழே வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்கியிருக்கும் பழைய குட்டி டிராக்டரின் ஒன்பது போட்டோவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு டயர் உட்கார்ந்துவிட்டது, சீட்டு கிழிந்து ஸ்பாஞ்சு எட்டிப் பார்க்கிறது, பானட்டில் பாதி மஞ்சள் பாதி துரு. "காசு கொடுத்தா வாங்கினா இதை?" என்று அம்மா கேட்டாள். எனக்கு என்னவோ கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. கூடவே பயமும். பயம் வண்டியைப் பார்த்து இல்லை, கடைசியில் நீ எழுதியிருந்த வரியைப் பார்த்து: சனிக்கிழமை மொத்தத்தையும் பிரித்து, துருவைத் தேய்த்து எடுத்து, பெயின்ட் அடித்துவிடப் போகிறேன் என்று.

வேண்டாம் பாப்பா. முதலில் அது ஓடட்டும்.

நான் கழற்றிப் போட்ட ஒரு வண்டியின் பாகங்கள் ஏழெட்டு தகர டப்பாக்களில் கட்டிலுக்கு அடியில் கிடக்குமே, நினைவிருக்கிறதா? ஒன்றிலிருந்து நீ வால்வு ஸ்பிரிங்கை எடுத்துப் பேனா செருகும் ஸ்டாண்டாக வைத்திருந்தாய். அந்த ஸ்பிரிங்கை நான் திருப்பிக் கேட்கவே இல்லை என்பதை வைத்தே அந்த வண்டியின் கதியைப் புரிந்துகொள்ளலாம். அதுவும் ஏறக்குறைய உன் வண்டி மாதிரி ஒரு குட்டி டிராக்டர்தான். உன்னிடம் இதுவரை சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, நான் வாங்கிய அன்று அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் நீலப்புகை வந்தது, அவ்வளவுதான். புகை என்றால் பிஸ்டன் ரிங்கு போயிருக்கும் என்று நானே முடிவு கட்டி இரண்டே நாளில் கடைசி போல்ட்டு வரை கழற்றிவிட்டேன். எது எங்கே இருந்தது என்று ஒரு படம் வரையவில்லை, எந்த டப்பாவிலும் எழுதி ஒட்டவில்லை. அப்புறம் வேலை மாற்றம், வீடு மாற்றம். டப்பாக்கள் மட்டும் கூடவே வந்தன. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீதர் அடைத்துக்கொண்டாலும் ஆயில் மேலே ஏறி அதே நீலப்புகை வரும் என்று. அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவது கால் மணி நேர வேலை.

சரி, உன் வண்டிக்கு வருவோம். மூன்றாவது போட்டோவில் எஞ்சின் தகட்டில் கோலர் என்று கம்பெனி பெயர் தெரிகிறது, அதன் கே வரிசை எஞ்சின். நீ அதிர்ஷ்டக்காரி. 1961ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த முதல் கப் கேடட் குட்டி டிராக்டரிலும் சரி, 1963ல் வந்த ஜான் டீர் 110லும் சரி, இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். பல கம்பெனி வண்டிகளில் இதே எஞ்சின் உட்கார்ந்திருந்ததால் பாயிண்ட், கேஸ்கட், ரிங்கு என்று எந்த உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டியிருக்காது. பிளாக் வார்ப்பிரும்பு, லேசில் சாகாது. இதைக் கொல்ல ஒரே வழி ஆயில் இல்லாமல் ஓட்டுவது. இதில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு நீட்டல் இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் அது ஆயிலில் முங்கி மேலே வாரி இறைக்கும், எல்லா உராய்வுக்கும் அந்த இறைப்புதான் கதி. ஆயில் குறைந்தால் கரண்டிக்கு எட்டாது, ராடு அலுமினியம், பிடித்துக்கொண்டு உடைந்தால் பிளாக்கையே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும் பழைய ஆயிலை வடித்து எஸ்ஏஇ 30 ரக ஆயில் ஊற்று. வடித்தது பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். கியர் பெட்டி ஆயிலையும் அப்படியே பார்த்துவிடு, மழையில் நின்ற வண்டிகளில் கியர் கம்பியோடு தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும்.

அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார். அசையவில்லை என்றால் நெம்பாதே. துருப்பிடித்த பிஸ்டனைக் கோபத்தால் அசைக்க முடியாது. பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு நாலு நாள் மறந்துவிடு, தினமும் ஒருமுறை முன்னும் பின்னுமாக லேசாக அழுத்திப் பார், ஒரு நாள் மயிரளவு நகரும், அந்த மயிரளவு நகர்ந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. சுற்ற ஆரம்பித்ததும் பிளக்கை மாட்டிச் சுற்றிப் பார்த்து "கம்ப்ரஷனே இல்லையே அப்பா" என்று போன் பண்ணாதே. இந்த எஞ்சின்கள் பலவற்றில் ஸ்டார்ட் சுலபமாக ஆவதற்காக மெதுவான சுற்றில் வால்வை லேசாகத் தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, அதனால் அழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்தாலும் குறைவாகத்தான் காட்டும். இதை நம்பி நல்ல எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

பிளக்குக்குக் கரன்ட் வரவில்லை என்றால் முதலில் பாயிண்ட்டைப் பார், பொறி உண்டாக்க மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் இரண்டு முனைகள்தான் அது. சில எஞ்சின்களில் இதற்காக ஃப்ளைவீலையே கழற்ற வேண்டும், இதில் வெளியிலேயே ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். முனைகளில் படிந்த கறையைத் தேய்த்து எடுத்துவிட்டு, முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.020 அங்குலம் வை, அதாவது அரை மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.025. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் மதிப்பில் வைக்காதே, உனக்கு நல்ல கண்தான், இருந்தாலும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு ஒரு முழு நாளை ஒதுக்கு. வருஷக்கணக்கில் உள்ளே நின்ற பெட்ரோல் வற்றி வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், பெட்ரோல் வரும் ஜெட்டின் ஊசித்துளை அடைக்க அது போதும். கழற்றுவதற்கு முன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று நாலு பக்கமிருந்தும் போட்டோ எடு. தப்பான துளையில் மாட்டினால் எஞ்சின் வேகம் எங்கேயோ போய்விடும், நிமிஷத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் போகவே கூடாது. ரப்பரையும் மிதவையையும் எடுத்துவிட்டு மற்றதை ஊறப்போடு, துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய், இரும்புக் கம்பி மட்டும் விடாதே, துளை பெரிதாகிவிட்டால் அது அடைபட்டதைவிட மோசம். பெட்ரோல் வரவை மூடித் திறக்கும் மிதவை ஊசியை வாயால் ஊதிச் சோதிக்கலாம், மிதவையைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது காற்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் புது ஊசி போடு. உன் வண்டியில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. ஊசி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் தானாக இறங்கி, சிலிண்டருக்குள் போய், ரிங்கைத் தாண்டி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் நீர்த்துப் போனால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது: ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் தகரக் கூட்டைக் கழற்றி உள்ளே பார். சும்மா கிடந்த வண்டி என்றால் எலி அங்கேதான் குடித்தனம் நடத்தியிருக்கும். இது காற்றில் குளிரும் எஞ்சின், சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே பஞ்சும் வைக்கோலும் அடைத்திருந்தால் ஓட ஆரம்பித்த அரைமணியில் வெந்துவிடும். நீ பெயின்ட் அடிக்கும் ஆசையில் அந்தக் கூட்டுக்கு மேலேயே அடித்துவிடுவாயோ என்பதும் என் பயங்களில் ஒன்று.

போல்ட்டு இறுகியிருந்தால் ஸ்பேனர் மேல் ஏறி நிற்காதே. எண்ணெய் விட்டு ஊறவை, சூடு காட்டு, பெட்ரோல் வாசனை இல்லாத இடத்தில் மட்டும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பிவிட்டு அப்புறம் இளக்கு, துரு அப்படித்தான் விடும். முறிந்த போல்ட்டை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், நான் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் போகும் வேலை எதுவானாலும் ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு வை. பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்று.

அது ஓடி, நீ அதில் ஏறி நாலு சுற்று வந்து, பிரேக் பிடிக்கிறதா கியர் விழுகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகு பெயின்டுக்கு வா. அப்போதும் சின்னச் சின்ன பாகமாக எடு, ஒன்றை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்று. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம், உப்புத்தாளைக் காய்ந்தபடி தேய்க்காதே, நனைத்துத் தேய், முகமூடி போட்டுக்கொள். சலவை சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் கொடுத்துத் துரு எடுக்கும் முறை எனக்கும் பிடிக்கும், மாயம் மாதிரி வேலை செய்யும். திறந்த இடத்தில் செய், ஹைட்ரஜன் வரும், பற்றிக்கொள்ளும். சார்ஜரின் மறுமுனையில் சாதாரண இரும்பையே தொங்கவிடு, எவர்சில்வரைப் போடாதே, அதிலிருந்து வரும் குரோமியம் விஷம்.

இதை எழுதிவிட்டு அம்மாவிடம் காட்டினேன். "அவளுக்கு எழுதினீங்களா, உங்களுக்கே எழுதிக்கிட்டீங்களா?" என்கிறாள். நேற்று ராத்திரி டப்பாக்களைப் பரணிலிருந்து இறக்கியது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு டப்பாவில் என் ஃபீலர் கேஜ் துருப்பிடிக்காமல் கிடந்தது, அதை உனக்கு அனுப்புகிறேன். அந்த ஸ்பிரிங் உன்னிடம் இன்னும் இருந்தால் சொல்லு.

முடிக்கப் போனவன் ஆறாவது போட்டோவை மறுபடி பார்த்தேன். டேங்குக்குக் கீழே பெட்ரோல் குழாய் திறந்தே இருக்கிறது பாப்பா. டேங்கில் நீ பெட்ரோல் ஊற்றிப் பார்த்தாயா? இப்போதே போய்க் குழாயை மூடு. அப்படியே டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் வாசனை அடிக்கிறதா இல்லையா என்று ஒரு வரி எழுது. அதுவரை ஸ்டார்ட்டரைத் தொடாதே.

அப்பா