எச்சரிக்கை கண்ணில் படவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை மருந்து பாட்டிலின் லேபிளில் அச்சிடச் செய்யுமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதினார். 2025 ஏப்ரலில் மத்திய அரசு அதை அறிவிக்கையாகவே வெளியிட்டது. தாமதமானாலும் வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் அந்த வரியைக் கண்ணாடி போட்டவர்களே படிக்கத் திணறுகிறார்கள். 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011-லேயே தடை செய்யப்பட்ட நிமெசுலைட் (வலி, காய்ச்சல் மருந்து) போன்ற மாத்திரைகளில் நிலைமை இன்னும் மோசம்: அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் கொடுத்தால், எச்சரிக்கை உள்ள பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. மருந்துச் சீட்டு இல்லாமல், "போன தடவை வாங்கிய அதே சிரப்" என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. (இரவில் அழும் குழந்தையோடு வந்து நிற்கும் பெற்றோரைக் குறை சொல்வதில் பயனில்லை.) வயது வரம்பை மட்டுமாவது தமிழில், பெரிய எழுத்தில், லேபிளின் முன்பக்கத்தில் அச்சிட வைக்கவும், எச்சரிக்கை இல்லாத பழைய இருப்பு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டதா என்பதை வெளியிடவும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்