சன்ஷைன் பிளாசா அங்கிளுக்கு, பிறகு மற்ற எல்லோருக்கும்

வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நிகழ்ச்சிக்கு மாட்டிய பேக்டிராப்பில், அதாவது பின்திரையில், தமிழ் வரி உடைந்து அச்சாகியிருந்தது. பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் அனுப்பி வைத்தீர்கள். என் சித்தி எனக்கே அனுப்பினார், "எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ" என்ற வரியோடு. சித்தி, நான்தான். அந்த வரிக்குச் சரி சொன்ன பயிற்சி மாணவி.

இன்று திங்கள். இன்னும் சரியாகத் தூங்கவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தால் இதையெல்லாம் அழகுபடுத்தத் தோன்றிவிடும், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி சிங்கப்பூர் பென்கூலன் ஸ்திரீட் சன்ஷைன் பிளாசாவில் அச்சுக்கடை வைத்திருக்கும் ஒரு சீன அங்கிளுக்கு. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. தமிழில் ஒரு எழுத்து தெரியாது அவருக்கு. ஆனாலும் இந்த மடலில் பெரும்பங்கு அவருக்குத்தான்.

அந்தக் கட்டடம் இங்கே படித்தவர்களுக்குத் தெரியும். நாளைக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்டை இன்று ராத்திரி கொண்டு போய் அச்சடிக்கும் இடம். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. அங்கிள் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து எட்டிப் பார்த்து, கையில் இருந்த தம்ப் டிரைவைக் காட்டினேன். பேச வாய் வரவில்லை. என்னைப் பார்த்தார், தம்ப் டிரைவைப் பார்த்தார், ஷட்டரை மறுபடி மேலே தள்ளினார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. பிளாஸ்டிக் பையில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய தே ஓ கொசோங்கில், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரில், பாதியைப் பேப்பர் கப்பில் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

வேண்டியது இவ்வளவுதான்: 2.4 மீட்டர் நீளம், 30 செண்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஸ்டிக்கர். பேக்டிராப்பின் பின்னணி நிறத்திலேயே அடித்து, உடைந்த தமிழ் வரிக்கு மேலே ஒட்டிவிட்டால் விடியற்காலை ஒப்பேறிவிடும். முழு பேக்டிராப்பையும் மாற்ற நேரமும் இல்லை, காசும் இல்லை.

"ஆ கேர்ள், உங்க எழுத்து எனக்குத் தெரியாது. சரியா இருந்தா எப்படி இருக்கும்னு கையால எழுதிக் குடு," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். சேர்ந்து கொண்டாடுவோம். ஏ4 தாளின் குறுக்கே, தொடக்கப்பள்ளியில் எழுதியதுபோலக் குண்டுகுண்டாக. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் ஒவ்வொன்றுக்கும் எண் போட ஆரம்பித்தார். நமக்கு அது பத்து எழுத்து. அவருக்கு அப்படி இல்லை. கொம்பு ஒன்று, ச ஒன்று, ர ஒன்று, அதன் தலையில் உள்ள புள்ளி ஒன்று. 'து' ஒரே துண்டு. 'கொ' மூன்று துண்டு. கடைசி மகரமெய்யின் புள்ளிக்கு வந்தபோது 20 என்று எழுதி வட்டம் போட்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல். நேரம் போகிறது, இவர் என்ன புள்ளி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று.

ஃபைலைத் திறந்தார். சிறிய தாளில் மாதிரி ஒன்று அடித்து என் முன்னால் வைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அலுவலகத்திலிருந்து மன்னிப்பு அறிக்கையின் மூன்றாவது வரைவு போனுக்கு வந்தது. போனிலிருந்து கண்ணை எடுக்காமல், தாளை ஓரக்கண்ணால் பார்த்து, "ஓகே அங்கிள், அடிங்க" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. தாளை எடுத்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டு தடவை.

"நாட் ஓகே. உன் பேப்பர்ல இருபது. இதுல இருபத்து மூணு."

பார்த்தேன். அதே உடைசல். 'சே'யின் கொம்பு பின்னால் போய், பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு குட்டி வட்டத்தோடு நின்றது. 'கொ'விலும் 'வோ'விலும் அதேபோல வட்டங்கள். மூன்று வட்டம், மூன்று துண்டு அதிகம். முந்தின வாரம் எதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேனோ, அதையே அவர் கடையில் நின்றுகொண்டு இன்னொரு முறை செய்யவிருந்தேன். தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான். எண்ணிப் பார்த்தவர் அவர்.

இது ஏன் நடக்கிறது என்று கேட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. கணினிக்குள் 'கொ' என்பதில் முதலில் வருவது 'க', உயிர்க்குறி அதற்குப் பிறகுதான். கொம்பை முன்னால் கொண்டு வந்து, துணைக்காலைப் பின்னால் வைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளில் அதற்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் வரியைக் கொண்டுபோய் ஒட்டினால், ஏறி உட்கார எழுத்தில்லாத கொம்பு அந்தப் புள்ளி வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கும். வேர்டு கோப்பில் சரியாக இருந்ததைப் பார்த்தேன், சரி என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போன கடைசிப் பிரதியைப் பார்க்கவில்லை. குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதில் எனக்கே கொஞ்சம் கொம்பு முளைத்திருந்தது. அந்தக் கொம்பாலேயே விழுந்தேன்.

அங்கிள் அதன் பிறகு அந்த மென்பொருள் பக்கமே போகவில்லை. வேர்டிலிருந்து பிடிஎஃப் எடுக்கச் சொல்லி, அதைத் திறக்காமல் அப்படியே அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினார். மாதிரி வந்தது. எண்ணினார். இருபது. இந்தத் தடவை நானும் எண்ணினேன். பிறகு நிறம். மூன்று சின்னப் பட்டைகள் அடித்து, என் போனில் இருந்த படத்தை நம்பாமல், ஃபைலில் இருந்த நிற எண்ணை வைத்து ஒப்பிட்டார். பெரிய ஸ்டிக்கர் உருளையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, அழுது முடித்திருந்த நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்களுக்குத் தெரியாத மொழிக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்களே" என்றேன்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார். எண்பதுகளில் அவர் பள்ளியில் சேர்ந்தபோது சீனப் பெயர்களை மாண்டரின் உச்சரிப்பில் எழுதும் வழக்கம் வந்திருந்ததாம். வீட்டில் டான், பள்ளிக்கூடத்தில் சென். எழுத்து ஒன்றுதான், ஆனால் ஆசிரியர் கூப்பிட்டால் அது தான்தான் என்று புரியவே ஒரு மாதம் ஆனதாம். "ஸ்மால் திங் லா," என்றார். "ஆனா என்னோடதுல்ல."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 60 வெள்ளி வாங்கினார். அவசர வேலைக்குக் கூடுதலாகக் கேட்பார் என்று பையில் தனியாக எடுத்து வைத்திருந்தேன், கேட்கவே இல்லை. வெளியே தூறல். சுருட்டிய ஸ்டிக்கரைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுத்தார். ஜாலான் புசார் வழியாக லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல நடந்தேன்.

மற்றவர்களையும் விட்டுவிட முடியாது.

ஏணியில் நின்று பேக்டிராப் மாட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டை அண்ணனுக்கு. மாட்டும்போதே கீழே பார்த்து, "தங்கச்சி, எழுத்து ஒரு மாதிரியா இருக்கே, இப்படித்தானா?" என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். "ஆமாண்ணே, டிசைன் அப்படி" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் அண்ணே. அதிகாலை நாலு மணிக்கு, உங்கள் ஷிஃப்டு முடிந்த பிறகும் திரும்பி வந்து, அட்டையால் தேய்த்து ஒரு காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டிக் கொடுத்ததும் நீங்கள்தான். மண்டபத்துச் செக்யூரிட்டி அங்கிளுக்கும், சாவியோடு காத்திருந்த, துப்புரவு வேலை செய்யும் மலாய்க்கார மாக்சிக்கும், இடியாப்பம் கட்டிக்கொண்டு வந்த என் தோழியின் அம்மாவுக்கும் சேர்த்து நன்றி. படத்தை வெளியிடுவதற்கு முன்னால் போன் செய்து கேட்ட செய்தியாளர் அக்காவுக்கும். என் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் திட்டவில்லை. "நா. கோவிந்தசாமி 1995-லயே இங்கே இருந்துகிட்டுத் தமிழை இணையத்துல ஏத்தினார். 1997-ல முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இந்த ஊர்லதான். நாளைக்கு ஒழுங்காச் செய்" என்று ஒரு குறுஞ்செய்தி. திட்டியிருந்தாலே தேவலை.

என் சூப்பர்வைசருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வந்து பதினான்கு வாரம். நிகழ்ச்சி வேலை என்றால் விருந்தினர் பட்டியல், ரன் டவுன், லேன்யார்டு, கேபிள் டை, சிறப்பு விருந்தினர் எந்தக் கதவு வழியாக வருவார் என்பதுதான் என்று நினைத்திருந்தேன். அறிக்கையின் முதல் வரைவை நான்தான் எழுதினேன். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று தொடங்கியிருந்தேன். அந்த மூன்று வார்த்தையையும் அடித்துவிட்டு, "மிஷின் வந்து மன்னிப்புக் கேட்குமா?" என்றார். "அச்சுக்குப் போகும் முன் நாங்கள் சரிபார்க்கவில்லை" என்று எழுத வைத்தார். 'நாங்கள்' என்று போட்டார், 'எங்கள் பயிற்சி மாணவி' என்று போடவில்லை. போட்டிருக்கலாம். பொய்யாக இருந்திருக்காது. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஏற்பாட்டுக் குழுப் பெரியவர்களிடம் என்னையே பேசச் சொல்லி, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். ஒருவர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் சாப்பிட்டாயா என்று கேட்டார். எது அதிகம் வலித்தது என்று இன்னும் தெரியவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை நான் ஊடகத் தொகுப்பு ஒப்படைக்க வேண்டும். எங்கெங்கே செய்தி வந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று. செய்தி வந்த இடத்துக்கு விளம்பர விலை போட்டு அதுதான் மக்கள் தொடர்பின் மதிப்பு என்று காட்டக் கூடாது, 2010-இல் பார்சலோனாவில் கூடிய துறைக்காரர்கள் அதைக் கொள்கையாகவே வைத்தார்கள் என்று வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதினேன். புரிந்தது இப்போதுதான். எங்கள் நிகழ்ச்சியில் அதிகம் பகிரப்பட்ட படம் அந்த உடைந்த கொம்பின் படம். விளம்பரக் கணக்குப் போட்டால் இந்த ஆண்டின் மிகப் பெரிய வெற்றி நான்தான்.

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள்ளும் அதற்குப் பிறகும், அச்சிலிருந்து வந்த தாளைக் கையில் வாங்கித் துண்டு துண்டாக எண்ணிப் பார்க்காமல் எதற்கும் "ஓகே" சொல்ல மாட்டேன். பெரியவர்கள் கிண்டல் செய்யலாம், பரவாயில்லை.

இன்று மதியம் தேக்காவில் அரை கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு அங்கிள் கடைக்குப் போனேன். வெட்டும் மேசைக்கு மேலே சுவரில் என் ஏ4 தாள் ஒட்டியிருந்தது, ஒன்றிலிருந்து இருபதுவரை சிவப்பு எண்களோடு. அடுத்த முறை யாராவது தமிழ் கொண்டுவந்தால் பார்த்துக்கொள்ள என்றார். எல்லாத் தமிழும் இருபது துண்டு இல்லை அங்கிள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

முறுக்கை ஒன்று உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தாளைக் காட்டி, "அது சரி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். அன்று ராத்திரி முழுக்க அதை அவர் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன்.

"அவ்ளோதானா?" என்றார். "சீனத்துல நாலே எழுத்து."