மூன்று தோழிகளுக்கும் ஓர் அம்மாவுக்கும்

அன்புள்ள உங்களுக்கு, வணக்கம்.

குரூப் 4 தேர்வில் தேறி இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நம்மோடு படித்தவர்களுக்கு யார் யாரென்று புரிந்துவிடும். புரியட்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது நான் பிளஸ் டூ. புத்தகப் பை சேற்றில் கிடந்தது. முதலாமவளே, நீ நிவாரண முகாமுக்கு வந்து அதை வாங்கிக்கொண்டு போனாய். நெல் காயவைக்கும் படுதாவை மாடியில் விரித்து, ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பறக்காமலிருக்க உடைந்த ஓட்டுத் துண்டுகளை மேலே வைத்தாயாம். வேதியியல் நோட்டில் மை கரைந்து ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. பத்து நாள் கழித்துப் புது நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாய். பாடம் முழுவதும் உன் கையெழுத்தில். ஊரே இருட்டில் கிடந்த நாட்கள் அவை. மெழுகு சொட்டிய தடம் மூன்று பக்கங்களில் இன்னும் இருக்கிறது.

2020இல் கல்லூரி மூடிக் கிடந்தது. 8 ஆண்டுகளுக்குப் பிறகு குறித்த நாளான ஜூன் 12 அன்றே மேட்டூர் அணை திறந்தது. குறுவை நடவுக்கு என் அம்மாவோடு நானும் இறங்கினேன். வகுப்பெல்லாம் செல்போனில் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ பட்டன் போன். படிப்பு அவ்வளவுதான் என்று முடிவு செய்திருந்தேன். இரண்டாமவளே, நீதான் கையைப் பிடித்து உன் வீட்டுக்கு அழைத்துப் போனாய். வாசலிலேயே நின்றுவிட்ட என்னை உன் அம்மா உள்ளே கூப்பிட்டு, நடுக்கூடத்தில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து, அதில் போனைச் சாய்த்து வைத்து, இருவரும் பாடம் கேட்டோம். அம்மா, எங்கள் தெருவிலிருந்து அந்தக் கூடத்துக்குள் வந்த முதல் ஆள் நான். அக்கம்பக்கத்தில் பேசிய பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். மறுநாளும் நீங்கள் பாயை அதே இடத்தில்தான் விரித்தீர்கள்.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு அமெரிக்காவில் 7.2 கோடி பேரின் ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்து 2022இல் ஒரு முடிவை வெளியிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அமைகிற அதே நட்புவட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கும் அமையும் ஊரில் அவர்கள் வளர்ந்தால், பின்னாளில் வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணிப்பு. படித்ததும் அந்தக் கூடம்தான் கண்முன் வந்தது. எந்தத் தேர்வுக்கு எப்போது எழுதிப்போடுவது, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்பதெல்லாம் உங்கள் வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. எங்கள் வீட்டில் சொல்ல ஆளில்லை.

அதனால்தான் மூன்றாமவளே, அறுவடை முடிந்த வயலில் நான் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தபோது, "இன்னும் இரண்டே நாள்தான்டி!" என்று வரப்பில் நின்று கத்தினாயே, அந்தக் குரலை மறக்க மாட்டேன். வைக்கோல் தூசியோடு உன் சைக்கிளில் ஏறி இ-சேவை மையத்துக்குப் போனோம். 2024 ஜூன் 9 தேர்வு வரை தினமும் மாலையில் நூலகத்தில் கேள்வி கேட்டுக் கேட்டு என்னைத் தயாராக்கினாய். நீயும் எழுதினாய், உனக்குக் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்று முதலில் ஓடிவந்தவளும் நீதான். அடுத்த தேர்வுக்குக் கேள்வி கேட்பது என் முறை.

பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். அம்மா, நீங்களும்தான். பாய் விரித்து வைத்திருப்பேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தோழி